பரிசம் உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு

வேலைக்குப் போகும் வழியில், அக்கரைக்கு ஃபெரி ஏறுவதற்கு முன் ஒரு கடையில் நின்று தே தாரிக்கும் ரொட்டி கோசோங்கும் சாப்பிடுவது என் வழக்கம். இழுத்து ஆற்றிய தேநீர் ஒன்று. உள்ளே முட்டை, வெங்காயம் எதுவும் வைக்காத வெறும் ரொட்டி ஒன்று. மலாயில் தாரிக் என்றால் இழுப்பது, கோசோங் என்றால் வெறுமையானது. வருடக்கணக்காக இதையேதான் கேட்டு வருகிறேன். அப்படியிருந்தும் ஒரு நாள் என் வாயிலிருந்து, "ரொட்டி தாரிக் ஒண்ணு, தே கோசோங் ஒண்ணு" என்று வந்துவிட்டது.

கடைக்காரர் கல்லை விட்டுத் தலையைத் தூக்கினார்.

"அண்ணே, ரொட்டிய எவ்வளவு தூரம் இழுக்கணும்? ஃபெரி வரைக்கும் போதுமா, இல்ல அக்கரைக்கு, பட்டர்வொர்த் வரைக்கும் இழுக்கவா?"

கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சீனி போடாத தேநீரைத் தே கோசோங் என்று கேட்பவர்கள் உண்டு. ரொட்டியை இழுக்கச் சொன்னவனுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அவர் ஒரு கண்ணாடிக் குவளையை நன்றாகக் கழுவித் துடைத்து, காலியாகவே என் முன் வைத்தார். "குடிங்கண்ணே, ஆறிடப் போவுது."

நான் நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிறவன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு வேலைக்கு வந்தவன். அந்த ஆறு வருடத்திலும் ஆசிரியர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். அன்று மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே ரொட்டி தின்ன முடியுமா என்று யோசித்தேன்.

சாயங்காலம் இதை அக்கா மகளிடம் சொன்னேன். நானும் என் மனைவியும் இருக்கும் அடுக்குமாடியில், அதே மாடியில், அடுத்த கதவு அக்காவின் வீடு. அத்தான் காலமாகிப் பல வருடமாயிற்று. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அக்கா மகள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் வளர்ந்தாள். எந்த வீட்டில் மீன் பொரிக்கிறார்களோ அந்த வீட்டில் சாப்பிடுவாள். இப்போது மருத்துவமனையில் வேலை. பக்கவாதம் வந்து பேச்சுப் போனவர்களுக்கும், பேச்சு வராத குழந்தைகளுக்கும் பேசப் பழக்கிக்கொடுக்கும் வேலை.

நான் வெட்கத்தோடு சொன்னதைக் கேட்டு அவள் கைதட்டினாள். ஏதோ நான் பரிசு வாங்கி வந்ததுபோல.

"மாமா, இது எவ்வளவு அழகான தப்பு தெரியுமா? ரொட்டி வேணும், தே வேணும்னு ரெண்டையும் மூளை ஒரே நேரத்துல எடுத்து வெளிய வச்சிருக்கு. வாய் ஒண்ணொண்ணாத்தானே சொல்ல முடியும்? அவசரத்துல பின்னாடி இருக்கற ரெண்டும் இடம் மாறிப்போச்சு. ஆனா பாருங்க, பின்னாடி வரவேண்டியது பின்னாடியேதான் வந்திருக்கு. 'தாரிக் ரொட்டி'ன்னு உங்க வாயில வரல. தப்பு பண்ணும்போதுகூட வரிசை தப்பல."

இது எனக்கு உடனே புரிந்தது. அக்கரையில் மாக் மண்டினில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பிளாஸ்டிக் புட்டிகளுக்கு மூடி போடுகிறோம். சிவப்பு மூடி ஒரு பக்கமிருந்து வரும், நீல மூடி மறுபக்கமிருந்து வரும். சில நாள் இயந்திரம் குழம்பி, நீலம் போக வேண்டிய புட்டிக்குச் சிவப்பு போய்விடும். ஆனால் எவ்வளவு குழம்பினாலும் மூடி புட்டியின் வாயில்தான் உட்காரும். அடியில் போய் உட்கார்ந்ததே இல்லை.

அதை அவளிடம் சொன்னேன். "அதேதான் மாமா!" என்று மறுபடி கைதட்டினாள். அன்று முதல் என் வாய் தவறும்போதெல்லாம் எனக்கு வெட்கம் பாதியாகவும் சிரிப்பு பாதியாகவும் வரத் தொடங்கியது. மற்றவர்கள் தவறுவதும் காதில் விழ ஆரம்பித்தது. அக்கா என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் முதலில் மகள் பெயரைச் சொல்வாள், பிறகு எங்கள் வீட்டுப் பூனையின் பெயரைச் சொல்வாள், அப்புறம்தான் என் பெயருக்கு வந்து சேருவாள். வீட்டில் அன்போடு கூப்பிடும் பெயர்களை எல்லாம் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள் போலிருக்கிறது. பூனை எனக்கு முன்னால் வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அக்கா மகளுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. பையன் குடும்பம் நிபோங் தெபால் பக்கம், பைராம் தோட்டம். பையனும் பெண்ணும் ஏற்கனவே பேசிப் பழகியவர்கள். நல்ல பையன். பரிசம் போட நாள் குறித்தார்கள்.

பரிசம் போடும்போது ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை பாக்கு, மஞ்சள், சேலை எல்லாம் வைத்த தட்டைக் கொண்டு வருவார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு பக்கம், பெண்ணின் தாய்மாமன் மறுபக்கம், பாயில் எதிரெதிராக உட்கார வேண்டும். அவர் தட்டை நீட்டி, "பரிசம் உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு" என்று சொல்வார். இவர் வாங்கிக்கொண்டு, "பரிசம் எங்களுக்கு, பொண்ணு உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் திருப்பித் தருவார். இப்படி மூன்று முறை. மூன்றாவது முறை தட்டு பெண் வீட்டிலேயே தங்கிவிடும். சபையில் எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். அதோடு பேச்சு முடிந்தது, பெண் அவர்களுடையவள்.

"வேற யாரையாச்சும் சொல்லச் சொல்லலாமே அக்கா," என்றேன்.

"அவளுக்கு அப்பா இல்லடா. உன்ன விட்டா யாரு இருக்கா? நாலு வார்த்தைதான்லா. தாய்மாமன் வாயால வந்தாத்தான் அது வாக்கு."

அக்கா என்னிடம் அதிகமாக எதையும் கேட்டதில்லை. கண் கலங்கிவிடுமோ என்று பயந்து சரி என்றேன்.

ஃபெரியில் பயிற்சி செய்தேன். மோட்டார் சைக்கிளோடு நின்றுகொண்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "பரிசம் எங்களுக்கு, பொண்ணு உங்களுக்கு, பரிசம் எங்களுக்கு, பொண்ணு உங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டே கடலைக் கடந்தேன். கண்ணாடி முழுக்க ஆவி படிந்து அக்கரை தெரியாமல் போயிற்று. பக்கத்தில் நின்ற மலாய்க்காரர் குனிந்து, "பாங், ஓகே கா?" என்று நலம் விசாரித்தார். நான் உள்ளிருந்து, "ஓகே, ஓகே" என்றேன். அவர் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் மனைவி மாப்பிள்ளையின் தாய்மாமனாக உட்கார்ந்தாள். துண்டைத் தோளில் போட்டு, தோசைக்கல்லைத் தட்டாக நீட்டி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு பெண் கேட்டாள். நான் கொடுத்தேன். இரண்டு நாள் இப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் அவளுக்கு அலுத்துவிட்டது.

"ஏங்க, எப்பப் பாத்தாலும் நானே பொண்ணு கேட்டுக்கிட்டு இருக்கணுமா? இன்னிக்கு நான் குடுக்கறேன், நீங்க கேளுங்க."

கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. கொடுப்பதைவிடக் கேட்பது எனக்குச் சரளமாக வந்தது. அதன் பிறகு ஒரு நாள் அவள், ஒரு நாள் நான் என்று மாற்றி மாற்றிச் சொன்னோம். தோசைக்கல் இரண்டு பக்கமும் போய்வந்தது. இரண்டு வசனமும் எனக்கு அத்துப்படியாகிவிட்டது என்று பெருமையாக இருந்தேன்.

பரிசத்தன்று எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்துப் பொதுக்கூடத்தில் பாய் விரித்திருந்தோம். பைராமிலிருந்து இரண்டு வேன், ஏழெட்டு மோட்டார் சைக்கிள். மாப்பிள்ளையின் பெரியப்பாதான் அந்தக் குடும்பத்தில் பெரியவர். தோட்டத்தில் லோரி ஓட்டியவர். சாதாரணமாகப் பேசினாலே எதிரில் வரும் லோரிக்குக் கேட்கும். வெள்ளை வேட்டி, அயிரை மீனளவு மீசை. எதற்கும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் என்னைப்போல ஒருவர். உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "உங்களுக்கும் கை வேர்க்குதா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த மனிதரை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

பூசை முடிந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் தட்டைத் தூக்கினார்.

"பரிசம் உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு."

தெளிவாகச் சொன்னார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன். வாய் தங்குதடையில்லாமல், கணீரென்று, என் வாழ்நாளில் இல்லாத துணிச்சலோடு சொன்னது:

"பரிசம் உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு."

தட்டையும் திருப்பி நீட்டிவிட்டேன்.

என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. எதிரில் இருந்தவரும் பாவம், அவருடைய வசனம் என் வாயிலிருந்து வரவே, தான் சொல்ல வேண்டியது மற்றதாக்கும் என்று நினைத்துவிட்டார். அவரும் அவர் வீட்டில் பயிற்சி செய்தவர்தானே. தயங்காமல், "பரிசம் எங்களுக்கு, பொண்ணு உங்களுக்கு" என்று சொல்லி, தட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஆக, இரண்டு தாய்மாமன்களும் சபையறிய ஒப்புக்கொண்டுவிட்டோம். தட்டு பைராமுக்கே திரும்பிப் போகிறது. பெண் எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். முறைப்படி, மங்களகரமாக, சம்பந்தம் முறிந்தது.

முதலில் சிரித்தது மணப்பெண். பட்டுச்சேலையும் பூவுமாகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அப்புறம் என் மனைவி. அப்புறம் பின்வரிசை. மாப்பிள்ளை சிரிக்கலாமா கூடாதா என்று தன் பெரியப்பாவைப் பார்த்தான்.

பெரியப்பா கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. இதுல சிரிக்க என்னா இருக்கு? தாய்மாமன் வாயால பொண்ணு தரலன்னு வந்துருச்சு. சபையில வந்த பேச்சு. மனசுல இருக்கறதுதான் வாயில வரும்."

சிரிப்பு அப்படியே நின்றது. அவர் என் பக்கம் திரும்பினார். "ஐயா, பொண்ணு எங்களுக்குன்னு தாய்மாமன் சொன்னா அதுக்கு வேற அர்த்தம் இருக்கு. முறை இருக்கு. வீட்டுல மகன் இருக்கானா? மனசுல ஏதாச்சும் கணக்கு இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். மனைவிதான் பின்னாலிருந்து சொன்னாள்: "மகனும் இல்ல, மகளும் இல்லீங்கய்யா. வீட்டுல ஒரு பூனதான் இருக்கு. அதுவும் பொட்டப் பூன."

பின்வரிசை மறுபடி வெடித்தது. பெரியப்பாவின் மீசை மட்டும் அசையவில்லை.

"பெரியப்பா, அது அப்படி இல்ல," என்று மணப்பெண் தலையை நிமிர்த்திவிட்டாள். அவளால் அடக்க முடியாது, அவளுடைய தொழில் அது. "மாமா ரெண்டு வரியையும் பழகியிருப்பாரு. ரெண்டும் ஒரே மாதிரி வரி. எதிர்ல இருக்கறவர் சொன்னது காதுல விழுந்ததும் அதுவே முந்திக்கிட்டு வாய்க்கு வந்துடுச்சு. யாருக்கா இருந்தாலும் வரும். அத்தை, ரெண்டு பக்கமும் பேசிப் பழகினீங்களா?"

"தோசக்கல்ல வச்சு," என்றாள் என் மனைவி சின்னக் குரலில்.

"மாமா, ரொட்டி கதையச் சொல்லுங்க!"

"பொண்ணு பேசக்கூடாதும்மா," என்றார் பெரியப்பா. ஆனால் அவர் குரல் முன்பைவிட இறங்கியிருந்தது. பிறகு என் அக்காவைப் பார்த்து, "நான் குத்தம் சொல்லலம்மா. கெட்ட வாக்குல ஆரம்பிக்க வேணாம். இன்னொரு நல்ல நாளு பாத்துக்கிட்டு வரோம்" என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழப்போனார்.

அக்கா கையில் இருந்த குங்குமச் சிமிழை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள். இன்னொரு நாள் என்று போனவர்கள் திரும்பி வந்த கதையும் உண்டு, வராத கதையும் உண்டு. அது அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாது. கால் தானாக நிமிர்ந்துவிட்டது.

"ஐயா, உக்காருங்க. நான் ரொட்டிய இழுக்கச் சொன்ன ஆளு."

"என்னா?"

சொன்னேன். காலைப் பசியில் ரொட்டி தாரிக்கும் தே கோசோங்கும் கேட்டதை, கடைக்காரர் பட்டர்வொர்த் வரை இழுக்கவா என்றதை, காலிக் குவளையை ஆறிவிடும் குடிங்க என்று வைத்ததை. நாலு பேர் முன்னால் நான் பேசிய முதல் நீளப் பேச்சு அது. சொல்லும்போதே அவசரத்தில், "மனசுல உள்ளதுதான் வாயில வரும்னா" என்று தொடங்க வேண்டியதை, "வாயில உள்ளதுதான் மனசுல வரும்னா" என்று தொடங்கினேன். கூட்டம் ஓவென்றது. நான் நிறுத்தவில்லை. "அப்படின்னா ஐயா, இழுத்த ரொட்டிமேல எனக்கு எத்தன வருஷமா ஆசையோ! வெறும் கிளாஸக் குடிக்கத்தான் நான் பொறந்தேனோ!"

மாப்பிள்ளையின் தாய்மாமன் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதில் வெற்றிலை சரிந்து பாயில் விழுந்தது.

பெரியப்பா சிரிக்காமல் என்னையே பார்த்தார். லோரிக்காரர் குரல் இல்லை இப்போது. "சரி. ரொட்டி இருக்கட்டும். நேரா ஒண்ணு கேக்கறேன். பொண்ணக் குடுக்க உங்களுக்கு மனசு இருக்கா, இல்லியா?"

இதற்கு எந்தப் பயிற்சியும் செய்யவில்லை. ஹெல்மெட்டும் இல்லை, தோசைக்கல்லும் இல்லை.

"இல்லீங்க," என்றேன்.

அக்கா "டேய்" என்றாள்.

"மனசு எப்படிங்க வரும்? பொழுது விடிஞ்சா எங்க வீட்டுக் கதவத் தட்டறவ. என்ன தப்பாப் பேசினாலும் கைதட்டறவ. அவளக் குடுக்க மனசு இல்லதான். ஆனா பையன் நல்ல பையன். அவளுக்குப் புடிச்சிருக்கு. அதனால குடுக்கறோம். மனசு வந்து குடுக்கணும்னா அவளுக்கு அறுபது வயசாயிடும்."

அத்தனையும் ஒரு சொல் பிசகாமல் வந்தது. இன்றுவரை அது எனக்கு ஆச்சரியம்.

பெரியப்பா மணப்பெண்ணைப் பார்த்தார். அவருக்கும் கட்டிக்கொடுத்த மகள்கள் உண்டு என்று பிறகு கேள்விப்பட்டேன். மெதுவாக அவர் மீசையின் ஒரு முனை மேலே போனது. பிறகு மறுமுனை.

"அப்ப வாய் சரியாத்தானே சொல்லியிருக்கு!" என்றார் கூடம் அதிர. "டேய், இந்த மாதிரி மாமன் இருக்கற வீட்டுலதான்டா பொண்ணு எடுக்கணும். மாப்பிள்ள, நீ ஒழுங்கா இருக்கணும், தெரியுதா? இல்லன்னா இந்த மனுசன் தட்டத் திருப்பிக் குடுத்துட்டு அழைச்சிட்டுப் போயிருவாரு. உக்காருங்க, உக்காருங்க. முதல்லேர்ந்து பொண்ணுங்க!"

ஆரம்பிங்க என்று சொல்ல வந்தவர் பொண்ணுங்க என்று சொல்லிவிட்டார். சொன்னது அவர் காதிலேயே விழுந்து, பெரிய வயிறு குலுங்க அவர் சிரித்த சிரிப்பில் வாசலில் நின்ற வேன் டிரைவர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

வெற்றிலையைப் பொறுக்கித் தட்டில் வைத்தோம். இரண்டு தாய்மாமன்களும் மறுபடி எதிரெதிரே உட்கார்ந்தோம். மனைவி என் பின்னால் வந்து உட்கார்ந்து, "அவரு சொல்றதக் கேக்காதீங்க. மூஞ்சிய மட்டும் பாருங்க" என்று காதில் சொன்னாள். பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"பரிசம் உங்களுக்கு," என்று சொல்லி நிறுத்தி, கணக்குப் பார்த்துக்கொண்டு, "பொண்ணு எங்களுக்கு" என்றார்.

"பரிசம்," என்றேன். கூட்டமே முன்னால் சாய்ந்தது. "எங்களுக்கு." யாரோ மூச்சு விட்டார்கள். "பொண்ணு உங்களுக்கு."

கைதட்டல். பரிசத்தில் கைதட்டுவது வழக்கமில்லை. இரண்டாவது முறை இன்னும் சத்தமாகச் சொன்னேன். மூன்றாவது முறை கூட்டமும் என்னோடு சேர்ந்து சொன்னது, மாப்பிள்ளை வீட்டார் உட்பட. தட்டு எங்கள் பக்கம் தங்கியது. அக்கா சிமிழைத் திறந்து குங்குமம் எடுத்தாள்.

ஆனால் என் வாய்க்கு அப்போதுதான் வழி பிடிபட்டிருந்தது. மலை இறக்கத்தில் பிரேக் விட்ட சைக்கிள்போல அது போய்க்கொண்டே இருந்தது. முடிந்துவிட்டது என்று தெரியாமல் நான் தட்டை மறுபடி நீட்டி, "பரிசம் எங்களுக்கு, பொண்ணு உங்களுக்கு!" என்று நாலாவது முறையும் முழங்கினேன். எதிரில் இருந்த நல்ல மனிதரும் உடனே, "பரிசம் உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு!" என்றார்.

"மாமா, போதும்!" என்று கத்தினாள் அக்கா மகள், கண்ணில் மை கரைந்து வழிய. "குடுக்க நான் ஒருத்திதான் இருக்கேன்!"

"விடும்மா," என்றார் பெரியப்பா, துண்டால் கண்ணைத் துடைத்தபடி. "இன்னும் ரெண்டு தடவ சொல்லட்டும். நல்லாத்தானே இருக்கு."

சொன்னேன்.